ஊசிக்கு மேலே ஒரு ரூபாய்

— அப்ப அந்தக் காச நீங்க எடுக்கவே இல்லையாண்ணே?

— எடுக்கல தாயி. கறுப்பு டேப்பு சுத்தி ஒட்டியிருந்துச்சு. முப்பது வருசமா ரிக்கார்டு பிளேயரு கை நுனியில அங்கனயேதான் கெடக்கு. ஊசி நிக்கிற பழைய கார்ட்ரிட்ஜக் கழட்டிட்டு, நீ செஞ்சு குடுத்தத அதே தகட்டுல மாட்டினேன். மேல காசு இருக்குங்கிறதே நெனப்புல இல்ல.

— ஒத்த ரூபாயா?

— ஆமா. பழைய காசு. நல்ல கனம்.

— என்னோடது ரெண்டு கிராமுக்கு மேல தாங்காதுண்ணே. பொட்டிக்குள்ள சீட்டுல எழுதி வச்சிருந்தேனே, பிளேயர் கைய மறுபடி சமன் பண்ணிட்டுப் போடுங்கன்னு.

— படிச்சேன். இல்ல, படிச்சேன்னு சொன்னா பொய்யி. பிளேயரு ஒரு பக்கமா ஆடுச்சுன்னு அந்தச் சீட்ட மடிச்சு அடியில குடுத்துட்டேன்.

— சரிங்கண்ணே. காசு எதுக்கு வைக்கிறது?

— அது என்னய மாதிரி மைக்செட்டுக்காரனுக்குத்தான் தெரியும். கோயிலுக்கு மண்குதிரை தூக்கிட்டுப் போற புரவி எடுப்பு அன்னைக்கு வேட்டுப் போடுவான் பாரு, பெஞ்சே அதிரும். ஊசி துள்ளி, சாமி பாட்டுல பாதி, அங்கிட்டுத் தாண்டி இன்னொரு பாட்டுல பாதின்னு ஓடும். ஊரே சிரிக்கும். காச வச்சா அமுக்கிப் புடிச்சுக்கும். பழைய கார்ட்ரிட்ஜு எருமை மாதிரி, என்ன ஏத்துனாலும் சொமக்கும்.

— என்னோடதுல தலமயிர விட மெல்லிசான கம்பிண்ணே. காசு ஏறுனா ஊசி உள்ள போயி, அடிப்பாகம் ரிக்கார்டுல ஒரசும்.

— ஒரசிச்சு. அதக் கேட்டுட்டுத்தான் நம்ம ரிக்கார்டுக்காரங்க போன் குரூப்புல பேசிப் போட்டேன்.

— செல்வராணி! யாரு வந்திருக்கா?

— கீரனூர் சேவுகண்ணேம்மா. மைக்செட்டு அண்ணே.

— ஓ, கழுதக்காரரா? உக்காரச் சொல்லு. ஒன்னோடதப் போட்டா 'சளி புடிச்ச கழுத கத்துது'ன்னாருல்ல, எங்கிட்டு கத்துதுன்னு வீட்டுக்குள்ள வந்து தேடிப் பாக்கட்டும்.

— அம்மா, சும்மா இரும்மா.

— ஏன்டி சும்மா இருக்கணும்? திருச்சி பஸ்ஸுல ஏறுனா கண்டக்டரு கேக்குறாரு, ஒங்க வீட்டுக் கழுத நல்லா இருக்கான்னு. இவரு கொரலு ஆவூரு பூரா ஓடுது. பூசைக்குப் போயி நிமிந்து நிக்க முடியல.

— சகாயம், தப்புதாம்மா. அதச் சொல்லத்தான் வண்டிய எடுத்துக்கிட்டு வந்தேன்.

— எங்க சொல்றீங்க? எங்க அடுப்படியிலயா? திட்டுனது முன்னூத்தி நாப்பது பேரு கேக்க. தப்புன்னு சொல்றது மட்டும் ஆத்தாளும் மகளும் கேட்டாப் போதுமா?

— அம்மா, போயி டீ போடு.

— போடுறேன், போடுறேன். இஞ்சி தட்டித்தான் போடப் போறேன். சளிக்கு நல்லது.

— அவ பேசுறது நியாயந்தான் தாயி.

— அது இருக்கட்டும்ண்ணே. காச எடுத்துட்டுப் போட்டுப் பாத்தீங்களா?

— பாத்தேன். நீ மறு ஊசி ஒண்ணு வச்சிருந்தியே, அத மாட்டி. ஒரு நாயன ரிக்கார்டு போட்டேன். இருவது வயசுல வாங்குனது. நாயனக்காரரு மூச்சு இழுக்குறது கேட்டுச்சு தாயி. அத்தன வருசம் ஓட்டியிருக்கேன், அந்த மனுசன் நடுவுல மூச்சு வாங்குறாருன்னே எனக்குத் தெரியாது.

— நெசமாவாண்ணே?

— சத்தியமா. அப்படியே உக்காந்துட்டேன். எம் பொண்டாட்டி பயந்துபோயி தண்ணி கொண்டாந்தா.

— அப்ப அத குரூப்புல சொல்லிருங்கண்ணே. கோயம்புத்தூர் கடைக்காரரு நாப்பது கார்ட்ரிட்ஜு கேட்டிருந்தாரு. நீங்க பேசுன மறுநாளே வேணாம்னுட்டாரு. நேத்து கெஞ்சிக் கேட்டேன். சேவுகன் மறுபடி கேட்டுட்டு நல்லா இருக்குன்னு சொல்லட்டும், நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாக்குறேன்னாரு.

— தெரியும். அதுக்குத்தான் பேசிப் பதிஞ்சு வச்சிருக்கேன். இன்னும் அனுப்பல. கேளு.

— வைங்கண்ணே.

— 'வணக்கம், கீரனூர் சேவுகன் பேசுறேன். நம்ம சொன்ன கொறையெல்லாம் அந்த ஆவூர்ப் பொண்ணு திருத்தி, புதுசா ஒண்ணு குடுத்துச்சு. போட்டுக் கேட்டேன், இப்பத் தேவல. சொல்லிக் குடுத்தா நம்ம புள்ளைகளும் செய்வாக.' எப்படி?

— நான் எதத் திருத்துனேன்ண்ணே?

— ஒரு பேச்சுக்கு தாயி. ஒனக்கும் வியாபாரம் நடக்கும், எனக்கும்...

— காசப் பத்தி ஒண்ணும் வரலையே அதுல.

— எப்படிச் சொல்லுவேன்? அந்தக் குரூப்புல எனக்குப் பேரே 'காது'. எவன் எத வாங்குனாலும், அண்ணே ஒரு தடவ கேட்டுச் சொல்லுங்கம்பான். காச ஒட்டி வச்சுக்கிட்டு கழுத கத்துதுன்னு சொன்னவன்னு ஆயிட்டா, எந்த மொகத்த வச்சுக்கிட்டு ரிக்கார்டு போடுவேன்?

— நான் ஏழு கார்ட்ரிட்ஜ ஒடச்சேன்ண்ணே.

— என்னது?

— நீங்க சொன்னதுக்கு அப்புறம். செஞ்சு வச்சிருந்ததுல ஏழ. ஒவ்வொண்ணாப் பிரிச்சு, சுத்துன கம்பிய அவுத்து, எதுல தப்புன்னு தேடுனேன். ஒண்ணுலயும் இல்ல. அப்பவும் விடாம அடுத்ததப் பிரிச்சேன்.

— ஒரு போனு போட்டு என்னயக் கேட்டிருக்கலாமே புள்ள.

— என்னன்னு கேக்குறது? ஒங்க காது மேல எனக்குச் சந்தேகமே வரல. எங் கை மேலதான் வந்துச்சு.

— அய்யோ தாயி.

— அழாதீங்கண்ணே. அம்மா வந்துரும்.

— சொல்லிருவேன். சொல்லிரலாம்னுதான் இருக்கு. ஆனா ஒண்ணு கேளு. நான் ஒருத்தன் மட்டுமா சொன்னேன்? எனக்கு அப்புறம் அதே குரூப்புல உதயசூரியன் சொன்னான். சரவணக்குமார் சொன்னான். கட்டுமாவடி ஐயனாரும் சொன்னாப்புல. நாங்களும் ரெண்டு நாளு போட்டுக் கேட்டோம், அண்ணே சொன்னது சரிதான், மூக்கால பாடுதுன்னு. அவங்க என்ன, மைக்செட்டுக்காரங்களா? மூணு பேருமா காசு ஒட்டியிருப்பாங்க? அப்ப ஓரமா ஏதோ ஒரு கொறை ஒன்னோடதுலயும் இருக்கப் போயித்தான...

— அண்ணே.

— சொல்லு தாயி.

— வெளிய போனது ஒண்ணே ஒண்ணு, அது ஒங்ககிட்ட இருக்கு. அவங்க மூணு பேருக்கும் நான் இன்னும் அனுப்பவே இல்லண்ணே.