செவ்வாய்க்கிழமையும் சிமிட்டும் சிவப்பு விளக்கு

மீன் சந்தையின் மகுடமாய், இந்த மன்றத்தின் தலைமையாய் வீற்றிருக்கும் நானா அம்பா அவர்களே! மின் நிறுவனத்தின் சார்பில் விசாரிக்க வந்திருக்கும் பொறியாளர் குவான்சா அவர்களே! அலையை அடக்கிய கைகளை இன்று மடியில் அடக்கி அமர்ந்திருக்கும் படகுக்காரப் பெரியவர்களே! கூடை சுமந்து குடும்பம் சுமக்கும் மோரீ ஊர்த் தாய்மார்களே! பக்கத்து வீட்டு ஆன்ட்டி பாதுவா அவர்களே, உங்களுக்கும்தான்! மீன் விற்கும் மான்சாவின் மகள் அஜோவாவின் வணக்கம்.

நான் மேடையேறுவேன் என்று என் அம்மாவுக்கே தெரியாது. அதோ, "இறங்குடி கீழ" என்று கண்ணாலேயே அதட்டுகிறார். இறங்குகிறேன் அம்மா. ஒரு கேள்வி கேட்டுவிட்டு இறங்குகிறேன்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? என் அம்மா பக்கத்து வீட்டு மின்சாரத்தைத் திருடினாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல. திருடினார் என்று தீர்ப்பானால், நாளை விடியும்போது சந்தையில் அவருடைய மேசை கவிழும். திருடிக்கு நம் சந்தையில் இடமில்லை. நல்ல சட்டம் அது! அந்தச் சட்டத்தை எதிர்க்க நான் வரவில்லை. கம்பத்தில் தொங்கும் அந்தப் பெட்டியைக் கேள்வி கேட்க வந்தேன்.

திரும்பிப் பாருங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் கம்பம். அதில் இரண்டு புதிய மீட்டர்கள். ஒன்றில் மான்சா என்று எழுதியிருக்கிறது, மற்றதில் பாதுவா. ஒவ்வொன்றிலும் பொட்டளவு சிவப்பு விளக்கு. வீட்டில் மின்சாரம் ஓடினால் அது சிமிட்டும். அதிகம் ஓடினால் வேகமாகச் சிமிட்டும். எதுவும் ஓடாவிட்டால் சிமிட்டாது.

இந்த மீட்டர்கள் வந்தது எப்போது? படகு முதலாளி ஓட்டுவின் இறுதிச்சடங்கு நடந்த சனிக்கிழமை! கறுப்பும் சிவப்பும் உடுத்தி ஊரே கிளம்பிப் போன சனிக்கிழமை! ஒப்பந்த வேலைக்காரர்கள் பூட்டிய கதவுகளைப் பார்த்துக்கொண்டே கம்பிகளை முடிந்துவிட்டுப் போனார்கள். "இந்தக் கம்பி யார் வீட்டுக்குப் போகுது?" என்று கேட்க ஆள் இருந்ததா? "அம்மா, ஒருதரம் லைட்ட அணைச்சுக் காட்டுங்க" என்று சொல்ல ஆள் இருந்ததா? என்ன அண்ணே, ஆடு இருந்ததா? ஆமாம், ஆடு இருந்தது. ஆட்டிடம் அவர்கள் கேட்கவில்லை!

அன்று முடிந்த கம்பியில் அடுத்த வாரமே சண்டை பற்றியது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்த ஆன்ட்டி, வீட்டு முன்னறையில் இருக்கும் தம் முடியலங்காரக் கடையைத் திறக்கவே இல்லை. ஆனால் முன்பணம் போட்டு வைத்த மின்சாரம் குறைந்துகொண்டே போனது. வாசலில் நின்று கத்தினார்.

"ஏய் மான்சா! என் கடை பூட்டிக் கெடக்கு. என் கரண்ட் மட்டும் எங்கடி போகுது? உன் மீனுக்கு ஐஸ் வைக்கவா?"

அம்மா சும்மா இருப்பாரா?

"உன் கரண்ட்ட நான் மோந்துகூடப் பாத்ததில்ல! என் வீட்டுலயும்தான் போட்ட கரண்ட் நிக்க மாட்டேங்குது. போயி உன் முடி காய வைக்கிற மெஷின கேளு!"

பொறியாளர் ஐயா வந்தார், பார்த்தார். பூட்டிய கடையின் மீட்டர் ஓடுகிறது, பக்கத்து வீட்டில் ஃப்ரீசர் உறுமுகிறது. "கம்பி இழுத்திருக்காங்க" என்றார். அவர் கண்டது பொய்யல்ல. யார் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். எனக்கே ஒரு நாள் தோன்றியது. ஆம் அம்மா, உங்கள் மேலேயே சந்தேகப்பட்டேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

செவ்வாயன்று கடல் ஓய்வெடுக்கும். படகு போகாது, மீன் வராது. அம்மா ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கி, கழுவி, கதவைத் திறந்து காயவிடுவார். அன்று பள்ளியிலிருந்து வரும்போது அண்ணாந்து பார்த்தேன். எங்கள் மீட்டரின் விளக்கு, காய்ச்சல் கண்ட குழந்தையின் நாடிபோலத் துடிக்கிறது! மீன் இல்லாத நாளில், ஃப்ரீசர் உறங்கும் நாளில், யாருக்காக நீ துடிக்கிறாய்? யாருடைய வீட்டுக்காக நீ எண்ணுகிறாய்?

தாய்மார்களே, சொல்லுங்கள். மீன் வராத செவ்வாய்க்கிழமை நீங்கள் எங்கே போவீர்கள்? இன்னும் சத்தமாக! ஆமாம், முடி அலங்காரத்துக்கு! யாருடைய கடைக்கு? ஆன்ட்டி பாதுவாவின் கடைக்கு!

இன்றும் செவ்வாய்க்கிழமை. இங்கே வருமுன் எங்கள் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன். பொறியாளர் ஐயா, என் வார்த்தையை நம்ப வேண்டாம். இதோ சாவி, நீங்களே போய்ப் பாருங்கள்.

பார்த்துவிட்டார். "அணைஞ்சுதான் இருக்கு" என்கிறார். இப்போது கம்பத்தைப் பாருங்கள். பாதுவா என்ற பெட்டி சிமிட்டவில்லை. மான்சா என்ற பெட்டியோ சிமிட்டுகிறது, சிமிட்டுகிறது, நிற்காமல் சிமிட்டுகிறது!

ஆன்ட்டி, உங்கள் கடையில், கூட்டத்துக்கும் வராமல், அந்த மெஷினுக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாரே ஒருவர், அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் எல்லாவற்றையும் அணைப்பீர்களா? "எனக்கு வேற வேலையில்லையா" என்கிறார். ஆனால் போகிறார். நன்றி ஆன்ட்டி.

யாரும் பேச வேண்டாம். பாருங்கள்.

நின்றுவிட்டது!

கைதட்ட வேண்டாம், பொறுங்கள். ஆன்ட்டி, மறுபடி போடுங்கள்! அதோ, சிமிட்டுகிறது. அணையுங்கள்! நிற்கிறது.

ஆன்ட்டி வாசலுக்கு வந்து ஏதோ சொல்கிறார். கேட்டீர்களா?

"அடியே மான்சா! அப்போ இத்தனை நாளா என் கடை முடியெல்லாம் நீ காய வெச்சிருக்க, உன் மீனெல்லாம் நான் குளிர வெச்சிருக்கேனா?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! என் அம்மா சிரித்து நான் பார்த்து வெகு நாளாயிற்று.

சபையோரே, இப்போது சொல்லுங்கள், யார் திருடி? மான்சாவா? அவர் போட்ட மின்சாரம் அடுத்த வீட்டில் எரிந்தது. பாதுவாவா? அவர் போட்ட மின்சாரம் எங்கள் வீட்டில் உறைந்தது. கம்பி மாறியது, பழி ஏறியது. சுவர் ஒன்றுதான், பேச்சு நின்றது. வாய் திட்டிக்கொண்டிருக்க, வீட்டுக்கு வீடு விளக்கேற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்! "ஏன்?" என்று சேர்ந்து அண்ணாந்து பார்த்திருந்தால் இந்த மன்றம் எதற்கு?

"நாளைக்கு மாத்திடுறேன்" என்கிறார் பொறியாளர் ஐயா. மிக்க நன்றி. ஆனால் விடிந்தால் புதன், படகுகள் கரை சேருமுன் ஃப்ரீசர் எங்கள் காசிலேயே குளிர வேண்டுமே? நானா அம்பா கையை உயர்த்துகிறார். "ஏணிய எடுத்துட்டு வாங்க, இப்பவே" என்கிறார். "மான்சாவோட மேசைய எவளும் தொடக் கூடாது" என்கிறார்.

பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், சுவிட்சை அணைத்த ஆன்ட்டிக்கும், ஏணி தேடி ஓடும் அண்ணன்மார்களுக்கும் என் நன்றி. அனைவருக்கும் வணக்கம்.

அம்மா, மேசையைத் துடைத்து வையுங்கள். இதோ, இறங்கிவிட்டேன்.