விசேஷமுள்ள வீடு

சரோஜம்: அத்தான், இன்னும் எவ்வளவு தூரம் நடக்கணும்?

ராஜதாஸ்: பாறசாலை இந்தா வந்தாச்சு. உதியன்குளங்கரையில எறக்கிவிட்டுட்டு பஸ்காரன் திரும்பிட்டான்லா, நான் என்ன செய்ய?

சரோஜம்: ரோட்ட மறிச்சாச்சுண்ணு நெய்யாற்றின்கரையிலயே சொல்லப்படாதா அவன்? டிக்கெட்ட மட்டும் ஒழுங்காக் கிழிச்சான்.

ராஜதாஸ்: மறிச்சிட்டு நிக்கது உனக்க தம்பி எலியாவாக்கும். அக்காளும் அத்தானும் வாற நாளாப் பாத்து ரோட்டுல கெடக்கான்.

சரோஜம்: இந்த ஊர மதராஸோட சேக்கணும்ணு கெடக்கான். தமிழனுக்காக.

ராஜதாஸ்: தமிழன்தானே ஏட்டி இப்போ பொட்டியத் தூக்கிட்டு நடக்கான்!

சரோஜம்: தமிழனாம்! திருவந்தரத்துல ரண்டு வருஷம் இருந்ததுக்கு, எதிர்ல ஆடு வந்தாலும் 'எந்தா விசேஷம்'ணு கேக்கிய.

ராஜதாஸ்: அச்சாபீஸ்ல பகல் முழுக்க மலையாள எழுத்தாக்கும் கோக்கிறேன். நாக்கு வளையாதா?

சரோஜம்: பைய நடங்க... மூச்சு முட்டுது.

ராஜதாஸ்: வெறுங்கையோட வாறே. கையில ஒரு கொடை. அதையும் நான் பிடிக்கட்டா?

சரோஜம்: பிடிங்க.

ராஜதாஸ்: ...கேட்டது எனக்க தப்பு.

சரோஜம்: ரண்டு நாளு எங்க அம்மைய பாக்கப் போறதுக்கு அந்தப் பொட்டியில என்னத்த வச்சிருக்கிய? லொடலொடண்ணு கேக்குது.

ராஜதாஸ்: பைபிளாக்கும்.

சரோஜம்: பைபிள் சத்தம் போடுமா?

ராஜதாஸ்: வாசிக்காதவன் வீட்டுல போடும். அத விடு. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.

சரோஜம்: எது?

ராஜதாஸ்: திருவந்தரம் போதும், பாறசாலைக்கே வந்துருவோம்ணு எத்தன நாளாச் சொல்லுறேன்! அங்க வெறகு வெல, பால் வெல... கறிவேப்பிலைக்கும் காசு. சம்பளம் வாடகைக்கே காணாது. நாளைக்கு ஒரு பிள்ள பெறந்தா எங்க கெடத்த? நான் கால நீட்டினா உனக்க அடுப்புல இடிக்குது.

சரோஜம்: அப்போ கால மடக்குங்க. அதுக்காக ஊர விடுவாளா ஒருத்தி?

ராஜதாஸ்: போதாததுக்கு அந்த வீட்டுக்காரருக்குப் பிள்ளச் சத்தம் ஆகாது. நமக்கு மின்ன இருந்தவங்கள தொட்டிலோட எறக்கிவிட்டாராம்.

சரோஜம்: தெரியும்... நல்லாத் தெரியும்.

ராஜதாஸ்: அதுனால மொதல்ல ஊரு மாறுவோம். பெறவு பிள்ள. அதாக்கும் எனக்க முடிவு.

சரோஜம்: உங்க முடிவு பிள்ளைக்குத் தெரியணுமே.

ராஜதாஸ்: எந்தப் பிள்ளைக்கு?

சரோஜம்: ...பொதுவாச் சொன்னேன்.

ராஜதாஸ்: அங்க அப்பிடி என்ன இருக்கு, விடமாட்டேங்கிறே?

சரோஜம்: ஆஸ்பத்திரி இருக்கு. நடந்து போற தூரத்துல. எங்க ரத்னபாய் அக்கா எப்பிடிப் போனாண்ணு மறந்து போச்சா? இஞ்ச ஊருல வலி எடுத்து மழைக்குள்ள கெடந்தா, ஒரு வண்டியும் கிட்டல. பிள்ளையும் போச்சு, அவளும் போனா. எனக்குப் பயமாக்கும் அத்தான்.

ராஜதாஸ்: ...அத இப்போ நெனைக்காத மக்கா.

சரோஜம்: நெனைக்காம? இஞ்ச எது எந்த ராஜ்யம்ணே யாருக்கும் தெரியாது. உங்க வீடு பாறசாலையில, எங்க வீடு களியக்காவிளையில. நடுவுல கோடு விழுந்தா?

ராஜதாஸ்: விழட்டு. உங்க வீட்டு மீன்கறி மதராஸ். எங்க வீட்டு மரச்சீனிக் கெழங்கு திருவிதாங்கூர். ரண்டும் உனக்க வயித்துல சேந்து சமாதானமா இருக்கும்.

சரோஜம்: மீன் பேரச் சொல்லாதீங்க... ஓக்காளம் வருது.

ராஜதாஸ்: மீன்சட்டிய வழிச்சு நக்குறவளுக்கா? வெயிலாக்கும். அந்த மாமரத்துக்குக் கீழ இரி.

சரோஜம்: ...ஒரு மாங்கா பறிச்சுத் தாங்க.

ராஜதாஸ்: யாருக்க மரமோ பிள்ளே!

சரோஜம்: கோடு விழுறதுக்கு மின்ன பறிங்க. பெறவுண்ணா வேற ராஜ்யத்துல களவாண்டதா ஆயிரும்.

ராஜதாஸ்: இரு, பொட்டி மேல ஏறினா எட்டும்... இந்தா, கிட்டியாச்சு! அய்யோ... பொட்டி!

சரோஜம்: விழுந்திராதீங்க! மூடி தெறந்து போச்சே... அத்தான், இது நமக்க தோசக்கல்லு!

ராஜதாஸ்: ...ம்.

சரோஜம்: அரிவாமண. விளக்கு. சட்டுவம். எல்லாம் நமக்க சாமான்! பைபிள் எங்க?

ராஜதாஸ்: அடியில உண்டு.

சரோஜம்: நாம வாடகைக்கு இருந்த முறிய என்ன செஞ்சிய?

ராஜதாஸ்: ஒழிஞ்சாச்சு. நீ எனக்கு மின்னாலயே போய் பஸ்ஸுக்கு நிண்ணியே... அப்போ சாவியக் குடுத்துட்டு வந்தேன்.

சரோஜம்: பெறவு என்னத்துக்கு 'போவமா, இருப்பமா'ண்ணு வழி முழுக்க எனக்க உயிர எடுத்திய?

ராஜதாஸ்: நீயே 'போவோம்'ணு சொல்லிட்டா எனக்கு மானம் மிஞ்சும்லா. ஒழியச் சொன்னது வீட்டுக்காரியாக்கும். கெட்டினவள ஒரு முறியில வச்சுப் பொழைக்கத் துப்பில்லாதவன்ணு நீ நெனச்சிட்டா... வெக்கமாப் போச்சு சரோஜம்.

சரோஜம்: எலியா மறிக்கது அறிஞ்சு, தமிழனுக்கு வீடில்லண்ணு சொன்னாளா?

ராஜதாஸ்: சேச்சே. அவ நல்லவ. சிரிச்சுக்கிட்டே, ஒரு சீப்புப் பழமும் கையில தந்தாக்கும் சொன்னா. 'வீட்டில் விசேஷமுண்டல்லோ, அவரு சம்மதிக்கில்ல, முறி ஒழியணும்'ணு.

சரோஜம்: ...என்ன உண்டுண்ணு சொன்னா?

ராஜதாஸ்: விசேஷம். அவ மகளுக்குக் கல்யாணம் போல. ஆளு வரும், எடம் வேணும்லா? நானும் மரியாதையா, 'நல்லபடியா நடக்கட்டு, பந்திக்கு எங்களையும் விளிக்கணும்'ணு சொன்னேன். என்னவோ, வாயப் பொத்திட்டு உள்ள ஓடினா.

சரோஜம்: கடவுளே...

ராஜதாஸ்: நீ சிரிக்கியா, அழுறியா?

சரோஜம்: அவளுக்கு மகளே கெடையாது அத்தான். இருக்கது ரண்டும் பள்ளிக்கூடம் போற பயலுவ.

ராஜதாஸ்: அப்போ யாருக்க வீட்டுல விசேஷம்?

சரோஜம்: நமக்க வீட்டுல. நாலாம் மாசம். நான் குழாயடியில ஓக்காளிச்சது உங்களத் தவிர தெரு முழுக்கத் தெரியும். முறி போவும், ஆஸ்பத்திரி தூரமாப் போவும்ணு பயந்து உங்களிட்டயும் ஒளிச்சேன்... அந்த மாங்காயத் தாங்க. பொட்டிய அடைங்க. நேரா எலியாவிட்ட போவோம். அவன் எந்த ராஜ்யத்துக்கு வேணும்ணாலும் மறிக்கட்டு. எனக்கு வலி எடுக்கிற அன்னைக்கு மட்டும் இந்த ரோட்ட விட்டுத் தரணும்.