உன் பாதி, என் பாதி

— கைய ஏன் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கிற? லாரி வாசல்ல நிக்குது. சோதிச்சாச்சுன்னு கையெழுத்தைப் போடு, கிடங்கைத் திறந்து ஏத்தச் சொல்றேன்.

— போட மாட்டேன் அண்ணா. அந்த மக்காச்சோளத்துல பூஞ்சை விஷம் இருக்கு.

— அட விடு பாப்பா. நேத்து நானே மூட்டை வாயைப் பிரிச்சு அள்ளிப் பார்த்தேன். தங்கமாட்டம் இருக்கு.

— நீ எப்பவும் வாயிலதான் அள்ளுவ. நான் மூட்டையோட நடு வயித்துல குத்தூசியை விட்டு எடுத்தேன். மழையில நனைஞ்ச சரக்கை அரைகுறையா காயவச்சு, வித்தவன் உன் தலையில கட்டியிருக்கான்.

— மில்லுல வறுத்துதானே அரைக்கப் போறோம்? பூஞ்சை செத்துடாதா?

— பூஞ்சை செத்துடும். அது உள்ள விட்டுட்டுப் போன விஷம் அவ்வளவு லேசுல சாகாது.

— அப்ப நல்ல சரக்கோட கலந்துடு. அட, யாருக்குத் தெரியப் போகுது?

— எனக்குத் தெரியுமே.

— இந்தா, உன் மேஜை மேல இருக்கிற கிண்ணத்துலேருந்தே ஒரு பிடி மெல்லுறேன். பாரு. எனக்கு என்ன ஆச்சு?

— பல்லு பத்திரம். நீ எருமையாட்டம் வளர்ந்தவன், ஒரு பிடியில உனக்கு ஒண்ணும் ஆகாது. நாம விக்கிறது கைக்குழந்தைக்குக் கஞ்சி மாவு. அதுங்களுக்கு வேளா வேளைக்கு அதுதான் சாப்பாடு. இந்த விஷம் சத்தமே போடாம ஈரலை அரிக்கும். நம்ம மாவாலதான்னு எந்தத் தாயும் வந்து கேக்க மாட்டா. அதான் உனக்கு இவ்வளவு தைரியம்.

— வாயை அளந்து பேசு. இந்தச் சரக்கு போகலைன்னா மில்லை இழுத்து மூடணும்.

— மூடு.

— மூடச் சொல்ல நீ யாரு? அப்பா உனக்குப் பாதிதான் எழுதி வச்சாரு. உன் பாதியைக் குப்பையில கொட்டு, யாரு வேணாங்கறா? என் பாதியை நான் ஏத்துவேன். கையெழுத்து போட ஆளா இல்ல ஊர்ல?

— நியாயம்தான். காலையில கிடங்குல நின்னு நானும் இந்தப் பாதிக் கணக்கைத்தான் யோசிச்சேன்.

— அப்படி வா வழிக்கு. இந்தா பேனா, கையை நீட்டு... என்ன இது? முழங்கை வரைக்கும் நீலம்?

— கழிச்ச சரக்கை யாரும் திருப்பி விக்காம இருக்க ஊத்துவோமே, அந்தச் சாயம். எது உன் பாதி, எது என் பாதின்னு எனக்குத் தெரியல அண்ணா. அதான் ஒரு மூட்டை விடாம ஊத்திட்டேன்.