இரண்டு விரல்

எனக்கு அடுத்தவர்களுக்குத் தலை பின்னிவிடுவது ரொம்பப் பிடிக்கும், மேடம். வகிடு கோணாமல், ஒரு முடிகூடப் பிசிறாமல் பின்னி, ரிப்பனை மடித்துக் கட்டுவேன். போன செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை துர்காதேவிக்குத் தினமும் காலையில் நான்தான் பின்னிவிட்டேன். அவளால் வலது கையை மடக்கித் தலைக்குப் பின்னால் வைத்திருக்க முடியவில்லை. நீங்கள் விசாரிக்க வந்திருப்பது அந்தக் கையைப் பற்றித்தான் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னார். தெரிந்ததை எல்லாம் எழுதிக் கொடு என்றீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் லாமியா. ஏர்வாடி. பிளஸ் டூ படிக்கிறேன். வாப்பா சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். பள்ளியின் பேஸ்பால் அணியில் நான் கேட்சர்.

இந்த ஊரில் பேஸ்பால் எதற்கு என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். கபடி என்றால் ஊருக்கு ஊர் அணி இருக்கிறது, மாவட்டம் தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். பேஸ்பாலுக்கு எங்கள் பக்கம் மொத்தமே ஐந்து பள்ளிதான். நாலு ஆட்டம் ஜெயித்தால் மண்டலம், அதையும் ஜெயித்தால் மாநிலம். மாநிலத்தில் ஆடிய சான்றிதழ் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மதுரையில் காலேஜ் சீட். எங்கள் பி.டி. டீச்சர் பூமயில் மிஸ் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் அணியை ஆரம்பித்தார். அவரே செல்போனில் வீடியோ பார்த்துத்தான் விளையாட்டைக் கற்றுக்கொண்டார். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, எங்களுக்காகச் செய்தார்.

பதினான்கு பேரில் அந்தச் சான்றிதழ் உயிராக இருந்தது துர்காவுக்குத்தான். சிக்கல் ஊருக்குப் பக்கத்துப் பிள்ளை. அய்யா இல்லை. அம்மா நாகலெட்சுமி குத்தகை நிலத்தில் மிளகாய் போடுகிறவர். பிளஸ் டூ முடிந்ததும் அவளைத் திண்டுக்கல் பக்கம் ஸ்பின்னிங் மில்லுக்கு அனுப்புவது என்று அவளுடைய மாமா முடிவு செய்து, ஏஜென்ட்டிடமும் சொல்லி வைத்திருந்தார். சீட் கிடைத்தால் காலேஜ், கிடைக்காவிட்டால் மில். நடுவில் வேறு எதுவும் கிடையாது.

அவள் எறிவதை நீங்கள் பார்த்ததில்லை. மிளகாய்த் தோட்டத்தில் ஆடு வாயை வைக்கப் போகும்போது, ஐம்பது அடி தள்ளி நின்று ஒரு மண்கட்டியை எறிவாள். ஆட்டின் மேல் படாது. மூக்குக்கு முன்னால் விழும். அந்தக் கையைத்தான் மிஸ் பிடித்துக்கொண்டு வந்து பந்தைக் கொடுத்தார். அதன் பிறகு அவள் எறிந்த எந்த ஆட்டத்திலும் எங்கள் அணி தோற்கவே இல்லை. போன வருடம் மாநிலத்துக்கு நாங்கள்தான் என்று மாவட்டம் முழுக்கப் பேச்சு.

பேஸ்பாலில் பந்து எறிகிறவளுக்கு எதிரே, மட்டைக்காரிக்குப் பின்னால், குத்துக்காலிட்டு உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவள்தான் கேட்சர். அடுத்த பந்து எது என்று முடிவு செய்வதும் அவள்தான். இரண்டு தொடைகளுக்கும் நடுவில் கையை மறைத்து விரலைக் காட்ட வேண்டும். ஒரு விரல் என்றால் வேகமான நேர்ப் பந்து. இரண்டு விரல் என்றால் கர்வ், மெதுவாக வந்து கடைசியில் வளைந்து இறங்குகிற பந்து. எறிகிறவளைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

"நீ காட்டு, நான் எறியிறேன். யோசிக்கிற வேலையெல்லாம் உனக்குத்தான்" என்பாள் துர்கா.

ஜூலையில் ஒரு நாள் பயிற்சியில் அவளுடைய நேர்ப் பந்து தரையில் பட்டு எகிறி என் கழுத்துக் குழியில் அடித்தது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மண்ணைக் கையால் பிறாண்டிக்கொண்டு கிடந்தேன். மவுத்தாகப் போகிறோம் என்றே நினைத்தேன், சாகும்போது சொல்ல வேண்டிய கலிமாகூட நினைவுக்கு வரவில்லை. பிறகு எப்படியோ மூச்சு வந்தது. எழுந்து நின்று, "ஒண்ணுமில்ல மிஸ்" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். மறுநாள் அசெம்பிளியில் பூமயில் மிஸ் மைக்கில், "லாமியா மாதிரி தைரியம் வேணும்" என்றார்.

அதற்குப் பிறகு, பயமாக இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. பஸ்ஸில் வரும்போது உள்ளங்கை ஈரமாகிவிடும். என் முகக்கவசத்தில் ஒரு கம்பி ஒடிந்து வெல்டிங் வைத்திருந்தது. அந்த வெல்டிங் இடம் சரியாக என் வலது கண்ணுக்கு நேரே இருக்கும். துர்கா கையை ஓங்கும்போது எனக்கு அவள் தெரிய மாட்டாள், அந்த வெல்டிங் மட்டும்தான் தெரியும். பந்து சீறிக்கொண்டு வரும் சத்தம் கேட்கும். பாதி தூரத்தில் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அந்த அரை நொடி நான் என்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு ஆட்டத்தில் அப்படி எழுபது, எண்பது அரை நொடி.

உம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். "மூஞ்சில ஒரு கீறல் விழுந்துச்சோ, அன்னைக்கோட உன் வெளையாட்டு முடிஞ்சிச்சு, ஆமா." மிஸ்ஸிடம் சொன்னால் வேறு கேட்சர் கிடையாது, அணியே கலைந்துவிடும். துர்காவிடம் சொன்னால் சிரிப்பாள். எல்லாவற்றையும் யோசித்துத்தான் பேசாமல் இருந்தேன்.

கர்வ் பந்தை மிஸ் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது ஆகஸ்ட் முதல் வாரம். முதல் கர்வ் என் கையுறைக்குள் வந்து இறங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. தட்டில் சோறு வைப்பது போல அவ்வளவு மெதுவாக வந்து உட்கார்ந்தது. மிஸ் அப்போதே எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"இது முழங்கையத் திருகுற பந்து. உங்களுக்கெல்லாம் எலும்பு இன்னும் இளசு. ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல கூடாது. இவளுக்கு எண்ணிக்கை நிக்காது. லாமியா, நீ வச்சுக்க."

ஆகவே மிஸ் மேல் தப்பு இல்லை. அவர் எச்சரித்தார், எண்ணச் சொன்னார். ஒவ்வொரு நாளும் மறக்காமல் என்னிடம் கேட்டார். நான் "எட்டு மிஸ்" என்பேன், சில நாள் "ஒன்பது." பக்கவாட்டில் நின்று ஸ்கோர் எழுதுகிற மிஸ்ஸுக்கு எந்தப் பந்து வளைகிறது என்று தெரியாது. உண்மையில் முதல் வாரம் நாளைக்கு இருபது. செப்டம்பரில் நாற்பது. அக்டோபரில் காட்டியதெல்லாம் ஏறக்குறைய கர்வ்தான். எண்ணாமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். நான் சரியாக எண்ணினேன்.

செப்டம்பரில் அவள் டிபன் டப்பாவை இடது கையால் திறக்க ஆரம்பித்தாள். பிறகு சீப்பை என்னிடம் கொடுத்தாள். "கை ஒரு மாதிரி இழுக்குதுடி, நீயே பின்னிவிடு" என்றாள். பின்னிவிட்டேன். தேங்காய் எண்ணெய் தடவி முழங்கையையும் நீவிவிட்டேன். உள்பக்கம் வீங்கி, தொட்டாலே சுட்டது.

ஒரு நாள் பின்னிக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள். "இன்னைக்கு நேர்ப் பந்தாக் கேளேன்டி. அது வலிக்கவே இல்ல. அந்தக் கர்வ்தான் உள்ள ஊசிய வச்சுக் குத்துற மாதிரி இருக்கு."

என் கை பின்னலிலேயே நின்றுவிட்டது. அவளுக்கு வலிக்காத பந்து எது என்று அவளே சொல்லிவிட்டாள். அந்தப் பந்துதான் எனக்கு எமன். "மிஸ்தான் கர்வ் போடச் சொல்றாங்க" என்றேன்.

"அப்படியா. அப்பச் சரி" என்றாள்.

மண்டல அரையிறுதி சிவகங்கையில். அன்றைக்கு நான் விடியும் முன் ஃபஜ்ருக்கே எழுந்து தொழுதேன். யார் கையும் உடையக் கூடாது, என் முகத்திலும் படக் கூடாது என்று இரண்டையும் சேர்த்தே துஆ கேட்டேன். கடைசி இன்னிங்ஸில் நாங்கள் ஒரு ரன் முன்னால் இருந்தோம். இன்னும் ஒருத்தியை அவுட் ஆக்கினால் இறுதிப் போட்டி. அந்தப் பெண்ணுக்கு நேர்ப் பந்தைத் தொடக்கூடத் தெரியவில்லை, இரண்டு முறை வெறும் காற்றில் சுழற்றியிருந்தாள், மூன்றாவதும் தவறினால் அவுட். மைதானத்தில் நின்ற எங்கள் பிள்ளைகள் எல்லாரும், "நேராப் போடு துர்கா, நேராப் போடு" என்று கத்தினார்கள்.

நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

துர்கா என்னைப் பார்த்தாள். தலையை இடமும் வலமும் ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம். அத்தனை மாதத்தில் அவள் எனக்கு மாட்டேன் என்று சொன்னது அந்த ஒரு முறைதான். முகம் வெளுத்திருந்தது, உதட்டைக் கடித்திருந்தாள். அவளும் பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. கெஞ்சுகிறாள் என்பதும் தெரிந்தது.

நான் மறுபடியும் இரண்டு விரலைக் காட்டினேன்.

அவள் எறிந்தாள். காய்ந்த கருவேலங் குச்சியைக் காலில் வைத்து ஒடிப்பது போல ஒரு சத்தம் எனக்கு அறுபது அடி தள்ளிக் கேட்டது. பந்து மெதுவாக வந்து வளைந்து இறங்கியது. அந்தப் பெண் சுழற்றினாள், படவில்லை. நான் சுத்தமாகப் பிடித்தேன். நாங்கள் ஜெயித்துவிட்டோம். எல்லாரும் துர்காவைத் தூக்க ஓடினார்கள். அவள் மண்டி போட்டு, கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "ஆத்தா, ஆத்தா" என்று முனகிக்கொண்டிருந்தாள். நான் பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போனேன், அதுதான் முறை.

மறுநாள் இறுதிப் போட்டியில் சுஹா எறிந்தாள். பாவம், நல்ல பிள்ளை, கையில் தெம்பு கிடையாது. பதினாறுக்கு ஒன்று என்று தோற்றோம். மாநிலம் போனது, பதினான்கு பேருக்கும் சான்றிதழ் போனது. எனக்கும்தான் போனது. ஆகவே இதில் எனக்கு லாபம் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அன்றைக்கு ஒரு பந்துக்குக்கூட நான் கண்ணை மூடவில்லை. ஊர் திரும்பும் வேனில் எல்லாரும் அழுதார்கள். நான் நாலு மாதத்தில் முதல் முறையாக நன்றாகத் தூங்கிவிட்டேன்.

மதுரையில் ஆபரேஷன் செய்து இரண்டு ஸ்க்ரூ வைத்தார்கள். எலும்போடு நரம்பும் பிய்ந்திருக்கிறது, இனி அந்தக் கையால் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மில் ஏஜென்ட்டும் வந்து பார்த்துவிட்டு, கை சரியில்லாத பிள்ளை வேண்டாம் என்று போய்விட்டான். நாகலெட்சுமி அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து பூமயில் மிஸ்ஸின் புடவையைப் பிடித்து உலுக்கினார். "எம்புள்ள கையத் தின்னுட்டியேடி பாவி" என்று அலறினார். பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்து, "நீ கூடவே இருந்தியே தாயி, நீயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மிஸ்ஸை சஸ்பெண்ட் செய்திருக்கிறீர்கள். தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். செய்தது நான். பயத்தில் செய்தேன், வேறு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. தெரிந்தே செய்தாயா என்று கேட்பீர்கள். செப்டம்பரிலிருந்து தெரியும். அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு தவ்பா செய்துவிட்டேன். இனி ஒரு காலமும் அப்படிச் செய்ய மாட்டேன்.

துர்காவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவள் மனசு விட்டுப்போகும். இப்போதுதான் தேறி வருகிறாள். தை மாதத்திலிருந்து தோட்டத்தில் ஆட்டை இடது கையால் விரட்டிப் பழகியிருக்கிறாள். "வலது போனா என்ன, இடது இல்லையா? காலேஜு செலக்சன்ல எறிஞ்சு காட்டிச் சீட்ட வாங்கிருவேன், பாரு" என்கிறாள். போன திங்கட்கிழமை பந்தோடு வந்து, "உக்காருடி" என்றாள்.

உட்கார்ந்தேன். முதல் பத்துப் பந்து எங்கேயோ போனது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பதினொன்றாவது நேராக வந்து கையுறையில் அடித்ததில் என் உள்ளங்கை தீப்பட்ட மாதிரி எரிந்தது. அந்தப் பழைய சீறல் சத்தம் கேட்டது. "வந்துருச்சுல்ல லாமியா, பழைய வேகம் வந்துருச்சுல்ல?" என்று துள்ளிக் குதித்தாள். நானும் சிரித்தேன். முகக்கவசத்துக்குள் என் பற்கள் கிட்டித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்க முடியாது.

அவளுக்கு உதவ வேண்டியது என் கடமை, மேடம். என்னால் போன கை, என்னால்தான் வர வேண்டும். தினமும் சாயங்காலம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மைதானத்தில் இருக்கிறோம். இடது கையில் அவளுக்குக் கர்வ் இன்னும் வரவில்லை. நான்தான் கற்றுக்கொடுக்கிறேன். எண்ணிக்கையும் நான்தான் வைத்திருக்கிறேன்.