ஏணியை யார் பிடித்தது?

அன்று காலை பதினொன்று பதினேழுக்கு எனக்குச் செய்தி வந்தது. "டீச்சர் ஏணியிலேர்ந்து விழுந்துட்டாங்க" என்றது போன். அன்றிலிருந்து எந்த வார்த்தையும் எனக்கு உறைப்பதில்லை. ஆனாலும் இரங்கல் கூட்டமே என்றாலும் மேடைக்கு ஒரு முறை இருக்கிறது. செய்துவிடுகிறேன்.

அவைக்குத் தலைமை தாங்கி, ஆசனத்தின் இரு கைகளையும் அழுத்திப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் நிர்வாகத் தலைவர் அவர்களே! மைக்கை மூன்று முறை தட்டிப் பார்த்த தலைமையாசிரியர் அவர்களே! பெரியோர்களே! பிள்ளைகளைப் பக்கத்திலும் பயத்தை நெஞ்சிலும் வைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! என் மனைவியின் மாணவச் செல்வங்களே! வணக்கம்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். கயிறு நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டேன், இழுத்துப் பார்ப்பேன். இன்றும் அதற்குத்தான் வந்திருக்கிறேன்.

போன வாரம் தலைவர் வீட்டுக்கு வந்தார். "தம்பி, நாடகமும் வேணாம், செய்முறை வகுப்பும் வேணாம்னு மேடையில ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா பெத்தவங்க கேப்பாங்க. இந்த ஹாலைத் தேர்வுப் பயிற்சி அறையா மாத்தி, அவங்க பேரையே வெச்சுடலாம்" என்றார். எவ்வளவு பெரிய மனசு! எவ்வளவு பெரிய அவசரம்!

"தனியா ஏறிட்டாங்க" என்றார் தலைவர். "தனியா ஏறிட்டாங்க" என்றார் தலைமையாசிரியர். "தனியா ஏறிட்டாங்க சார்" என்றார் காவலாளி. மூன்று பேர் பார்த்திருந்தால் மூன்று கதை வந்திருக்கும். மூன்று வாயில் ஒரே வாக்கியம் வந்தால்? நாடக டீச்சரின் கணவன் ஐயா நான்! எழுதிக் கொடுத்த வசனம் எனக்குத் தெரியாதா?

அப்படி என்ன வகுப்பு அது? சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள். வெளிச்சத்தைப் பற்றிப் பாடம் எடுக்க இயற்பியல் ஆசிரியர். அந்த வெளிச்சத்தில் நாடகம் போட என் மனைவி. ராணி வேஷம் போட்ட பெண் கீழே பார்த்தாளாம். ஒரு ராணிக்கு மூன்று நிழல், மூன்றும் மூன்று நிறம்! "மிஸ், நிழலுக்கு எப்படி கலர் வரும்?" என்று வசனத்தை விட்டுவிட்டுக் கேட்டாளாம். அன்று சாப்பிடும்போது என் மனைவி சொன்னாள்: "ஏங்க, வருஷம் முழுக்க வாயே தொறக்காத பொண்ணு அது. அவ வசனத்த மறந்ததுதான் இன்னிக்கு பெஸ்ட் சீன்!"

யாரம்மா அது அழுவது? ராணியா? உட்காரு கண்ணு. உன் மேல் தப்பில்லை.

இந்த ஹாலில் ஒரு பழக்கம் உண்டு. கீழே இருப்பவர் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து, "பிடிச்சிருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் மேலே யாரும் காலெடுத்து வைப்பதில்லை. வீட்டில் பல்பு மாற்றும்போதும் இதே கூத்துதான்.

"பிடிச்சிருக்கீங்களா?"

"ம்."

"ம்-னா? மாடு மாதிரி! வாயத் தொறந்து சொல்லுங்க."

"பிடிச்சிருக்கேன் தாயே, ஏறித் தொலை!"

சிரியுங்கள், பரவாயில்லை. நானும் அன்று சிரித்தவன்தான்.

அவள் இறந்த அன்று மாலை இங்கே வந்து அண்ணாந்து பார்த்தேன். நீங்களும் பாருங்கள், இந்த மேடைக்கு மேலேதான் இருக்கிறது. அந்தப் பச்சை விளக்கின் நட்டு பாதி முறுக்கியபடி நிற்கிறது. அதை முறுக்க ஒரு கை விளக்கைத் தாங்க வேண்டும், மறு கை ஸ்பேனரைத் திருப்ப வேண்டும். ஏணியைப் பிடிக்க அவளுக்கு ஏது மூன்றாவது கை? கணவன் குரலையே நம்பாதவள் காற்றை நம்பியா ஏறினாள்? அவள் காதில் ஒரு குரல் விழுந்திருக்கிறது. யாருடைய குரல்? யார் பிடித்தது? பிடித்தவர் ஏன் விட்டார்?

...

எழுந்து நிற்கிறீர்களே, இயற்பியல் சார்? பிள்ளைகள் ‘அளவுகோல்’ என்று கூப்பிடுவார்களே, நீங்கள்தானே? அழாமல் சொல்லுங்கள், பின்வரிசைக்குக் கேட்கவில்லை.

"நான்தான் தம்பி பிடிச்சேன்... போன் விடாம அடிச்சுது. ஒரு கையத்தான் எடுத்தேன். 'இன்னும் அங்க என்ன கூத்து, வகுப்புக்குப் போய்ப் பாடத்த எடு'ன்னு திட்டினாங்க. அதுக்குள்ள ஏணி..."

போதும் சார். நின்றுகொண்டே இருங்கள்.

தலைவர் அவர்களே, ஏன் தண்ணீரைத் தேடுகிறீர்கள்? யார் கூப்பிட்டது என்று நான் கேட்கவே இல்லையே!

தாய்மார்களே! அவளைக் கொன்றது நாடகமா? விளக்கா? வகுப்பா? இல்லை! பிடிச்சிருக்கேன் என்று சொன்ன கை, பாதியில் விட்டது. விட்ட கையை மறைக்க வகுப்பை மூடுகிறேன் என்கிறார்கள். மூடுவதற்கு என் வாயைக் கேட்கிறார்கள். தர மாட்டேன்! சொன்னால் பிடிக்க வேண்டும், பிடித்தால் விடக் கூடாது என்பதை உங்கள் பிள்ளைகள் எந்தப் பயிற்சி அறையில் உட்கார்ந்து படிப்பார்கள்? இங்கேதான் படிப்பார்கள்! இந்த ஏணியின் கீழேதான் படிப்பார்கள்!

கைதட்ட வேண்டாம். நான் அந்த நட்டை முறுக்க வேண்டும். ஏணி இதோ நிற்கிறது, ஸ்பேனர் சட்டைப் பையில் இருக்கிறது. பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.

அளவுகோல் சார், மேடைக்கு வாருங்கள். உங்கள் போனை அந்த மேசையில் வையுங்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள். ராணிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லுங்கள், நான் ஏறுகிறேன்.

என் போனை அணைத்துவிட்டேன்.