புங்கமரத்துப் பங்காளிகள்

— …அப்படி வீசுச்சு காத்து. கூடலூர்ல மேஞ்ச எங்க வெள்ளாடு பறந்து போயி சுருளிப்பட்டியில எறங்குது. போறப்ப ஒண்ணு, எறங்குறப்ப மூணு. நடுவானத்துலயே ரெண்டு குட்டி போட்டுருச்சு. பொய்யின்னா இந்தத் திராட்சப் பந்தல் என் தலையில சாயட்டும் டீச்சர்.

— முத்துவீரன் ஐயா, ஆடு நல்லா இருக்கட்டும். நான் விசயத்துக்கு வர்றேன்.

— வாங்க வாங்க. குட்டி ரெண்டும் கெடா.

— நாளைக்குப் பள்ளிக்கூடத்துல பெத்தவுக கூட்டம். நீங்க வந்து எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்த சொல்லணும். சோனாமுனிக்கு அந்தக் கதையச் சொல்லிக் குடுத்தது நாந்தான், அம்புட்டும் பொய்யின்னு.

— எந்தக் கதை? நான் காலையில காப்பி குடிக்கிறதுக்குள்ளயே நாலு விடுற ஆளு.

— சாமிக் கதைங்கய்யா. உங்க தோட்டத்துல பழம் வெட்டுற ஜார்க்கண்ட்காரர் மக. என் நாலாப்புலதான் படிக்கிறா. பள்ளிக்கூடம் விட்டா உங்க பின்னாடிதான சுத்துறா?

— அது பின்னாடி நாந்தான் சுத்துறேன். சரி, என்ன ஆச்சு? மொதல்ல இருந்து சொல்லுங்க.

— அவ வந்ததுல இருந்து வாயே தொறக்கல. யாரும் பக்கத்துல உக்காரவும் இல்ல. வகுப்புல வேல்பாண்டி கேக்குறான், "வடக்க இருந்து வந்தவுகன்னா செவப்பாத்தான டீச்சர் இருப்பாக, இவ ஏன் நம்மளவிடக் கருப்பா இருக்கா?"ன்னு.

— நல்ல கேள்விதான். எனக்கெல்லாம் வைகை அணையத் தாண்டுனாலே வடக்குதான்.

— விசயத்துக்கு வர்றேன். பயிற்சியில சொன்னாக, புள்ளைக வீட்டுப் பழக்கவழக்கத்த வகுப்புக்குள்ள கொண்டாங்கன்னு. எல்லாரும் பேசுற மாதிரி ஒண்ணக் கேட்டா அவளும் பேசுவான்னு நெனச்சேன். ஒவ்வொருத்தரா எந்திரிச்சு அவுகவுக குலசாமியச் சொல்லுங்கன்னேன்.

— அடி ஆத்தா!

— என்னங்கய்யா?

— சாதியக் கேக்கக் கூச்சப்படுறவன் கேக்குற கேள்வியாச்சே அது! கருப்பசாமின்னா எந்த ஊருக் கருப்பன்னு கேப்பான். ஊரச் சொன்னா தெருவு தெரிஞ்சிரும். தெருவு தெரிஞ்சா தீந்துச்சு.

— கேட்ட பெறகுதான் எனக்கு ஒறச்சுச்சு. அதுவரைக்கும் சத்துணவுக்கு வரிசையா உக்காந்த புள்ளைக, அன்னைக்கு மத்தியானம் சாமி சாமியாப் பிரிஞ்சு உக்காந்துருச்சுக. "நாங்க பங்காளிக, நீ அங்கிட்டுப் போ"ன்னு.

— சோனா?

— தனியா, கைகழுவுற தொட்டி ஓரத்துல. மறுநாள் அவளா எந்திரிச்சா. "எங்க சாமிக்குக் கோயில் இல்ல. மரந்தான். அடியில கல்லு. கதவு இல்ல, பூட்டு இல்ல"ன்னா. "கதவு இல்லன்னா நாங்களும் வரலாமா?"ன்னு கேட்டான் வேல்பாண்டி. தலைய ஆட்டுனா. அம்புட்டுத்தான். பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில கல்ல வச்சு, மொத்த வகுப்பும் அங்கன உக்காந்துதான் திங்குது. முட்டையப் பிச்சு மாத்தி மாத்தித் திங்குது.

— நல்லதுதான டீச்சர்?

— எனக்கு நல்லது. வீட்டுக்குப் போயி, "இப்ப நாங்க எல்லாரும் ஒரே சாமி, பங்காளிக"ன்னு சொல்லிருச்சுக. யாரு யாருக்குடா பங்காளின்னு வீட்டுக்கு வீடு ரகள. மேலாண்மைக் குழுத் தலைவி பாண்டீஸ்வரி அக்கா என்னா சொல்றாக தெரியுமா? "அந்த வடக்கத்திப் புள்ள மந்திரம் போட்டுருச்சு. அதப் பள்ளிக்கூடத்த விட்டு நிப்பாட்டுங்க, இல்லன்னா எங்க புள்ளைக வராது"ங்கறாக.

— பாண்டீஸ்வரியா? அவ சத்தம் போட்டா எங்க பம்புசெட்டு தானா நின்னுரும். பொய்யின்னா பந்தல்…

— ஐயா! அந்தப் புள்ளைக்கு நடந்து போற தூரத்துல வேற பள்ளிக்கூடம் கெடையாது. இங்க இருந்து நின்னுட்டா, படிப்பே நின்ன மாதிரி. உங்க கதைன்னு தெரிஞ்சா, "முத்துவீரன் விட்ட ரீலு"ன்னு சிரிச்சிட்டுப் போயிருவாக. அவ இருந்துக்கிருவா.

— சொல்ல மாட்டேன் டீச்சர்.

— ஆயுசு பூரா பொய் சொல்றீக. ஒரே ஒரு தடவ ஒத்துக்கிட்டா என்னா?

— ஒத்துக்கிருவேன். எம் பொய்யா இருந்தா.

— அப்படின்னா?

— நான் அதுக்குப் பறந்த ஆட்டச் சொன்னேன். அது பதிலுக்கு எனக்கு மரத்துச் சாமியச் சொல்லுச்சு. பாதி தமிழு, பாதி அவுக பாஷ, மீதிய கையால சொல்லுச்சு. சரிதான், நமக்கு ஒரு போட்டி வந்துருச்சுடான்னு நெனச்சேன். அவுகப்பன் போன்ல படத்த எடுத்துக் காமிச்சான். ஒசரம் ஒசரமா மரம். அடியில கல்லு. ஊரே கூடி நிக்குது. கோயிலும் இல்ல, கோபுரமும் இல்ல. அவுக ஊர்ல நெசமாவே அப்படித்தான் கும்பிடுறாக.

— அவகிட்ட ஒரு வார்த்த கேக்கலையே நான். உங்க கதைன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

— நான் எடுத்த பேரு அப்படி.

— இப்ப நீங்க பொய்யின்னு சொன்னா அவ சாமி பொய்யாயிரும். சொல்லலன்னா அவ படிப்புப் போயிரும்.

— ரெண்டுக்கும் நடுவுல பாத ஏதும் இருக்கா?

— இருக்கு. கூட்டத்த ஆபீஸ் ரூம்ல வைக்கல. புங்கமரத்தடியில வைக்கிறேன். நீங்க மொத ஆளா வந்து உக்காருங்க. நீங்க உக்காந்தா உங்க தெருவே உக்காரும். உங்க தெரு உக்காந்தா பாண்டீஸ்வரி அக்கா தனியா நிக்க மாட்டாக.

— நானா? தரையிலயா? எனக்கு முழங்காலு மடங்காது டீச்சர்.

— ஆடு பறக்குற ஊர்ல முழங்கால் மடங்காதா?

— அதில்ல… எல்லாத் தெருக்காரவுகளும் வருவாகல்ல. புள்ளைக உக்காருறது வேற. நாங்க பெரியாளுக… கண்ட கண்ட ஆளுகளோட ஒண்ணா…

— பொய்யின்னு சொல்லவும் மாட்டீக. நெசத்துக்குப் பக்கத்துல உக்காரவும் மாட்டீக.

— சரி, உக்காந்துட்டேன்னே வச்சுக்கங்க. என்னய ஒட்டி எவன் வந்து உக்காருவான் சொல்லுங்க, பாப்போம்?

— நான் உக்காருறேங்கய்யா. போன வருசம் உங்க மாடி வீட்ட வாடகைக்குக் கேட்டு ஒருத்தி போன் பண்ணுனா. குலசாமி எதுன்னு கேட்டீக. சொன்னா. "வீட்டுக்கு ஆள் வந்துட்டாக"ன்னு போன வச்சீக. அது நாந்தான்.