கொட்டகைக் கதவில் இரண்டு காதுகள்

ஐசம் டார்ப்ளிக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது பதினாறு டாலர் எண்பது சென்ட். வாங்கவில்லை என்று உங்களிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. பதினாறு டாலர் விதைச் சோளத்துக்கும் கலப்பைக் கொழுவுக்கும் போனது. எண்பது சென்ட் உப்புக்கு.

போதகர் ஐயா, நம் சபையில் மூப்பராக நிற்கிறவன் யாருக்கும் கடன் வைத்திருக்கக் கூடாது. அது விதி. போன ஞாயிறு என் பெயரை வாசித்துவிட்டு, லெமுவேல் காண்ட் மேல் யாருக்காவது பாக்கி உண்டா என்று கேட்டீர்கள். வழக்கத்துக்குக் கேட்கிற கேள்வி அது, யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் உங்கள் வீட்டுத் துணி துவைக்கிற வைனி, வெள்ளைக்காரர் சபை என்றும் பாராமல் வாசற்படியில் வந்து நின்று, "எனக்கு உண்டு" என்றாள். ஐசமின் விதவை அவள். அதற்கு மேலும் அவள் பேசினாள். அதைப் பிறகு சொல்கிறேன். என் பதிலை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள், எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பத்து நாலு வயதில் படித்த எழுத்து.

நான் அடிமை வைத்திருந்தவன் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். எனக்கு இருந்தது ஓர் அறை வீடு, ஒரு மாடு, வேலி இல்லாத சோளக்கொல்லை. எஜமானர்கள் எங்களைத் தங்கள் வாசல்வரைகூட விடமாட்டார்கள். இருந்தாலும் வடக்கோடு சண்டை என்று கூப்பிட்டபோது போனேன். என் தம்பியும் வந்தான், அவன் டென்னசி மண்ணுக்குள் கிடக்கிறான். எதற்குப் போனாய் என்று பிறகு சிலபேர் கேட்டார்கள், உனக்குத்தான் ஒரு கறுப்பனும் சொந்தமில்லையே என்று. சொந்தமில்லைதான். ஆனால் எனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்பது இருந்ததே. தாத்தா எனக்கு விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். அதையும் பிடுங்க வருகிறார்கள் என்றால் எவன் சும்மா இருப்பான்.

சண்டைக்கு முன்னால் நான் ரோந்துக்குப் போவேன். ஒரு சுற்றுக்கு அரை டாலர். வழியில் எந்த அடிமையைப் பார்த்தாலும் எஜமானர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டச் சொல்ல வேண்டும். சீட்டு இருந்தால் விடுவோம். இல்லாவிட்டால் சாட்டை. அந்த நாளில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. சீட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்ப்பேன், தலையாட்டித் திருப்பிக் கொடுப்பேன். ஐசமை அந்த வழியில் பலமுறை நிறுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சீட்டு வைத்திருந்தான்.

சண்டை முடிந்து நான் ஒரு காது கேட்காமல் வந்தேன். எஜமானனிடமிருந்து ஓடி வடக்கத்திப் படையில் சேர்ந்திருந்த அவன், அவர்களுடைய நீலச் சட்டையும் சேமித்த சம்பளமும் எழுதப் படிக்கத் தெரிந்த கையுமாக வந்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் இருபது ஏக்கர் வாங்கினான். ஒரு கோவேறு கழுதை, பன்றிகள், இறைச்சிக்குப் புகைபோட ஒரு கொட்டகை. நான் கடைக்கார முதலாளி நிலத்தில், விளைச்சலில் பாதி அவருக்கு என்று, பாதி வாரத்துக்கு உழுதேன். பொறாமை என்று நீங்கள் நினைப்பீர்கள். பொறாமை இல்லை. ஒரு பாத்திரம் கவிழ்ந்து கிடந்தால் நிமிர்த்தி வைக்கத் தோன்றும் அல்லவா, அதுபோலத்தான்.

ஒரு வசந்தத்தில் என் கோவேறு கழுதை செத்தது. கடையில் மேற்கொண்டு கடன் தர மறுத்தார்கள். வெள்ளைக்காரன் ஒருவனும் கை கொடுக்கவில்லை. ஐசம் வேலியோரம் வந்து நின்றான்.

"என்ன மிஸ்டர் லெம், மண்ணு காயுது, நீங்க ஒக்காந்திருக்கீங்க?"

"உனக்கென்ன வந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் வரல. ஓடைக்கு இந்தப் பக்கம் பசி வந்தா அந்தப் பக்கமும் தாண்டி வரும், அதான் கேட்டேன். எவ்வளவு வேணும்?"

அப்படித்தான் வாங்கினேன். உழுவதற்குத் தன் கழுதையையும் அனுப்பினான். அவன் உப்பைத் தின்றேன் என்று வைனி சொன்னால் அது சரி. தின்றேன்.

எழுத்தும் அவன் சொல்லிக் கொடுத்ததுதான். வேதத்தைத் தானே வாசிக்கத் தெரியாதவன் மூப்பர் ஆக முடியாது என்று உங்களுக்கு முன்னிருந்த போதகர் சொல்லியிருந்தார். மழை பெய்து வயல் சேறாகிற நாட்களில் ஐசமின் சோளக் களஞ்சியத்துக்குப் போவேன். உடைந்த கூரைப் பலகைத் துண்டில் கரியால் எழுதிக் காட்டுவான். கூலி கேட்கவில்லை. பொறுமைசாலி. நான் திணறினால், "அவசரமில்ல மிஸ்டர் லெம், எழுத்து எங்கயும் ஓடிப்போகாது. ஓடிப்போனவன் எல்லாம் நாங்கதான்" என்பான். வைனி உள்ளே சிரிப்பாள்.

அந்த இலையுதிர் காலத்தில் பஞ்சு அரைவை ஆலையில் வண்டிகள் வரிசையாக நின்றன. வெள்ளைக்காரர்களும் கறுப்பர்களும் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். ஆலைச் சுவரில் எழுதியிருந்ததை நான் சத்தமாக வாசித்தேன். கொஞ்சம் பெருமைதான். என் மச்சான் ஹோரஸ், "அட, லெம் படிக்கிறான்டா. நாளைக்குக் கழுதை பாடப்போகுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஐசம் எனக்குப் பரிந்து பேசுகிற மாதிரிதான் ஆரம்பித்தான்.

"அவரைக் கேலி பண்ணாதீங்க. அவரால்தான் எனக்கு வீடு வாசல் எல்லாம். வைனி பக்கத்துத் தோட்டத்துல இருந்தா. அவளைப் பாக்கப் போக எனக்குச் சீட்டு யாரு தருவா? குதிரைத் தைலம் பாட்டில்ல ஒட்டியிருந்த தாளைக் கிழிச்சு வச்சுக்கிட்டேன். மிஸ்டர் லெம் அதைத் தலைகீழாப் பிடிச்சு நல்லாப் பார்த்துட்டு, 'சரி, போ, நேரத்தோட திரும்பு'ன்னாரு. ரெண்டு வருஷம் அதே தாளு. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி எழுத்தே அழிஞ்சுபோச்சு, அப்பவும் சரின்னாரு. என் மூத்த மகளுக்கு அவர் பேரையே வச்சிருக்கணும்."

கறுப்பர்கள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார்கள். வெள்ளைக்காரர்கள் அப்படி இல்லை. ஹோரஸ் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். ஐசம் என் தோளில் கை வைத்தான். நல்லெண்ணத்தில்தான் வைத்தான். அவனிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

இதனால்தான் அப்படிச் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு சிரிப்புக்காக எவனும் எதுவும் செய்வதில்லை. நான் செய்தது கடனைத் தீர்க்க.

டிசம்பரில் நல்ல குளிர் விழுந்த ஒரு சனிக்கிழமை, என் பெரிய பன்றியை ஓட்டிக்கொண்டு ஐசம் வீட்டுக்குப் போனேன். பதினெட்டு டாலர் பெறும். மிச்சத்தை நீயே வைத்துக்கொள் என்றேன்.

நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்கும் தெரியும். பன்றிகள் காட்டில் மேய்கின்றன. யாருடையது என்பதை அதன் காதுதான் சொல்லும். என் அடையாளம், இடக்காது நுனி வெட்டு, வலக்காதில் கீழே ஒரு பிளவு. வளர்ந்த பன்றியின் காதில் மறுவெட்டுப் போட்டால் அது திருட்டுக்குச் சாட்சி. அதனால் பன்றி கைமாறினால் விற்றவன் நாலு பேர் முன்னால் வாயால் சொல்ல வேண்டும். ஐசம் அதைத்தான் கேட்டான்.

"நாலு பேர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க மிஸ்டர் லெம். காது உங்க காதா இருக்குல்ல."

"நாளைக்குச் சபை விட்டதும் கடை வாசல்ல சொல்றேன்."

"அப்ப திங்கக்கிழமை வெட்டலாங்க," என்றாள் வைனி.

"திங்கக்கிழமை குளிர் இருக்குமா? காத்து தெக்கே திரும்புது. கறி கெட்டா என்னைக் கேக்காதீங்க. ஏன், என் வாக்கு போதாதா?"

ஐசம் மனைவியைப் பார்த்துக் கையசைத்தான். "போதும்ங்க, போதும். நீ தண்ணியைக் காய வை, வைனி."

நானே கூடமாட நின்றேன். காலைப் பிடித்தேன், மயிர் சுரண்டினேன். உதவிக்கு வந்தவனுக்கு ஈரல் என்பதும் பழக்கம். வைனி வறுத்துக் கொடுத்தாள். அவர்கள் மேசையில் உட்கார்ந்து கை நனைத்தேன். ஐசம் இரண்டு காதுகளையும் அறுத்துக் கொட்டகைக் கதவில் வெளிப்பக்கமாக ஆணி அடித்தான். எவன் பன்றியை வெட்டினாலும் காதைக் காட்டி வைக்க வேண்டும், ஒளிப்பவன்தான் திருடன். எல்லா முறையும் தெரிந்தவன் அவன்.

ஞாயிறு கடை வாசலில் நாலு பேர் என்ன, பதினாலு பேர் இருந்தார்கள். நான் புகையிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். திங்கள் காலை ஷெரிஃபிடம் போய், என் பன்றியைக் காணவில்லை என்றேன்.

தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. காதுகள் கதவில் இருந்தன. ஷெரிஃப் அதைப் பார்த்து, "இவ்வளவு முட்டாள்தனமான திருடனை நான் கண்டதில்லை" என்றார்.

நீதிமன்றத்தில் ஐசம், "அவரே கொடுத்தாருங்க, கடனுக்கு. அவரையே கேளுங்க" என்றான். வைனியும் சொன்னாள். பெண்டாட்டி புருஷனுக்காகச் சொல்லாமல் வேறு யாருக்காகச் சொல்வாள் என்றார் நீதிபதி. பிறகு என்னிடம், "ஒரு கறுப்பனிடம் நீ கடன் வாங்கினாயா, லெம்?" என்று கேட்டார். கேட்கும்போதே அவர் உதடு கோணியது. பின் வரிசையில் ஹோரஸ் தொண்டையைச் செருமினான்.

"இல்லை," என்றேன். பன்றியைக் கொடுத்தாயா என்றார். அதற்கும் இல்லை என்றேன்.

"மிஸ்டர் லெம்," என்றான் ஐசம். சத்தமாக இல்லை. களஞ்சியத்தில் நான் எழுத்தைத் தவறவிடும்போது கூப்பிடுகிற அதே குரல். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கேட்காத காது அவன் பக்கம் இருந்தது.

ஐந்து வருடம். கைதிகளைத் தலைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக்காரனுக்கு வாடகைக்கு விடுவது உங்களுக்குத் தெரியும். ரயில் பாதை போட, இடுப்பளவு சதுப்புத் தண்ணீரில் மரம் வெட்ட வைத்தார்கள். காலில் சங்கிலி. முன்காலத்து எஜமானனாவது அடிமைக்குப் பணம் போட்டிருந்தான், செத்தால் நஷ்டம். வாடகைக்கு எடுத்தவனுக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டாவது கோடையில் ஐசம் காய்ச்சலில் போனான் என்று செய்தி வந்தது. உடல் வரவில்லை. நிலம் வரிப்பாக்கிக்கு ஏலம் போயிற்று. கடைக்கார முதலாளி எடுத்தார், இப்போது நான்தான் அதைப் பாதி வாரத்துக்கு உழுகிறேன். நல்ல மண். பன்றிக் கறியை ஷெரிஃப் என்னிடமே ஒப்படைத்தார். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாப்பிட்டோம். ஐசம் உப்பு நன்றாகப் போட்டிருந்தான்.

இனி வைனி சொன்னதற்கு வருகிறேன். நீங்களும் கேட்டீர்கள். அவள் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"பன்னியைக் கொடுத்துக் கடனைத் தீர்த்தேன்னு இவர் சொன்னா, என் புருஷன் திருடன் இல்ல. என் புருஷன் திருடன்னு சொன்னா, கடன் இன்னும் தீரல. ரெண்டுல எதுன்னு கேட்டு எழுதி வாங்குங்க, போதகரே. எனக்கு எதுவானாலும் சரி."

பெஞ்சுகளில் சளசளப்பு எழுந்தது. ஹோரஸ் என் பக்கம் குனிந்து, "பதினாறு டாலர்தானேடா, விட்டெறிஞ்சு ஒழி" என்றான்.

"அவ கையில எண்ணி வைக்கச் சொல்றியா? இத்தனை பேர் பாக்க?"

"அதுக்கென்ன, தலைகீழா எண்ணு," என்றான். பக்கத்திலிருந்த இரண்டு பேர் குலுங்கினார்கள். இத்தனை வருடம் கழித்தும்.

பணம் என்னிடம் இருக்கிறது. கொடுத்துவிட்டால் காரியம் முடிந்துவிடும் என்று நீங்களும் நினைக்கலாம். முடியாது ஐயா. கொடுத்தால், இத்தனை காலமும் நான் அவனுக்குக் கடன்காரனாக நடமாடினேன் என்று ஆகும். அவன் சதுப்பில் கிடந்தபோதும் நான் அவனுக்குக் கீழே இருந்தேன் என்று ஆகும். அது உண்மை இல்லை. உண்மை இல்லாததைச் சபையில் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஆகவே எழுதித் தருகிறேன். பன்றியை நான்தான் கொடுத்தேன். சனிக்கிழமை கொடுத்தேன். அதற்கு முந்தின வியாழக்கிழமையே ஷெரிஃபிடம் போய், புதுச் சட்டத்தில் ஒரு பன்றிக்கு எத்தனை வருடம் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். ஐந்து என்றார். அந்தச் சதுப்பிலிருந்து எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்றும் கேட்டேன். அவர் சிரித்தார். அதன் பிறகுதான் பன்றியை ஓட்டிக்கொண்டு போனேன். காற்று தெற்கே திரும்பவில்லை. குளிர் அந்த வாரம் முழுக்க நின்றது.

இதற்காக இந்தச் சபை என்னை வெளியே தள்ளாது என்று எனக்குத் தெரியும். தள்ளினாலும் போகிறேன். பொய்ச் சாட்சி சொன்னவன் என்று என் பெயருக்கு எதிரே எழுதுங்கள். கொன்றவன் என்றும் எழுதுங்கள், ஒவ்வொரு எழுத்தையும் நானே கூட்டி வாசித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பதினாறு டாலர் எண்பது சென்ட் தீர்ந்துவிட்டது. பன்றி பதினெட்டு டாலர் பெறும். கணக்குப் பார்த்தால், வைனிதான் எனக்கு ஒரு டாலர் இருபது சென்ட் தர வேண்டும். அதை நான் கேட்கப்போவதில்லை, தள்ளிவிட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். நான் இரக்கமில்லாதவன் இல்லை.